வெறும் மில்

பாக்கியலெட்சுமியின் மில் ஓடப்போகிறது என்று தெரிந்துகொள்ள லயத்தில் யாரும் வெளியே வந்து பார்க்க வேண்டியதில்லை. அவரவர் வீட்டு பல்பைப் பார்த்தால் போதும். கடைசி வீட்டில் அவள் சுவிட்சைப் போட்டவுடன் பத்து வீட்டு பல்பும் ஒன்றாக மங்கும். டீவியில் செய்தி வாசித்துக்கொண்டிருந்த பெண் பாதி வாக்கியத்தில் காணாமல் போவாள். பின்பக்கக் கொட்டகையிலிருந்து மோட்டார் முக்குகிற சத்தம் கேட்கும். முக்கி எழும்பிவிட்டால் பிழைத்தோம். எழும்பாவிட்டால் முதல் வீட்டுச் சுவரில் இருக்கிற பெட்டிக்குள் ட்ரிப் சுவிட்ச் 'டக்'கென்று விழும். பத்து வீடும் இருண்டு போகும், பத்து வீட்டு வாயும் திறந்துகொள்ளும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

நமுனுகுல மலைக்குக் கீழே, தேயிலைக்கு நடுவில், தோட்டத்து ஆட்களின் பத்து வீடும் ஒரே வரிசையாக ஒட்டி நிற்கிற பழைய லயம் அது. மேல் ரோட்டுக் கம்பத்திலிருந்து ஒரே ஒரு வயர் பள்ளத்தில் இறங்கி வந்து அந்தப் பெட்டிக்குள் நுழையும். அதிலிருந்துதான் பத்து வீட்டுக்கும் கரண்ட். வயர் போட்ட காலத்தில் வீட்டுக்கு ஒரு பல்பு, கோயிலுக்கு ஒரு பல்பு, அவ்வளவுதான். இப்போது எல்லா வீட்டிலும் ரைஸ் குக்கர், தண்ணீர் கொதிக்கவைக்கிற கேத்தல், டீவி. இரண்டு வீட்டில் பிரிட்ஜும் உண்டு. அத்தனைக்கும் மேல் கடைசியாக வந்து சேர்ந்தது பாக்கியத்தின் மில்.

சுவிட்ச் விழுந்தால் தூக்கிவிடுவது முதல் வீட்டு விஜயலெட்சுமியின் பொறுப்பு. அப்படி யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. பெட்டி அவள் வீட்டுச் சுவரில் இருக்கிறது, வேறு யார் செய்வது? மழையானாலும் பனியானாலும் தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு, விளக்குமாற்றுக் கட்டையை எடுத்துக்கொண்டு வந்து, எட்டி அந்தச் சுவிட்சைத் தள்ளிவிட்டுப் போவாள். போகும்போது கடைசி வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வைக்கே மில் நின்றிருக்க வேண்டும். விஜயலெட்சுமி வேறு யாருமில்லை, பாக்கியத்தின் கொழுந்தன் விஜேந்திரனின் மனைவி. ஓரகத்திகள் இருவரும் லயத்தின் இரண்டு கோடியில் இருந்தார்கள்.

மில் வந்த கதை தினேஸின் கதை. தினேஸ் பாக்கியத்தின் ஒரே மகன். கொழும்பில் ஒரு துணிக்கடையில் நின்றவன். கடைக்கு மேலே தகரக் கூரைக்கடியில் ஏழெட்டுப் பேரோடு படுத்து எழும்பி, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் வீட்டுக்கு வருவான். வரும்போதெல்லாம் இளைத்து வருவான். பாக்கியம் அவன் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய் அழுவாள். போன வருஷம் வந்தவனிடம், இங்கேயே ஏதாவது செய்யலாமா என்று கேட்டாள். லயத்தில் அரிசி மாவுக்கும் மிளகாய்த்தூளுக்கும் ஆட்கள் பஸ் ஏறிப் பதுளைக்குப் போகிறார்கள், நாமே ஒரு மில் போடுவோமா என்றான் அவன். பாக்கியம் அன்று இரவு நன்றாகத் தூங்கினாள்.

பதுளையில் மெஷின் சாமான் விற்கிற அஸீஸ் நானாவின் கடையில்தான் மில்லும் மோட்டாரும் எடுத்தார்கள். பொருத்திக் கொடுத்துவிட்டுப் போன பையன்கள் மலை இறங்குவதற்குள், பெல்ட் சரியாகச் சுற்றுகிறதா என்று பார்க்க தினேஸ் சுவிட்சைப் போட்டான். வெறும் மில் கடகடவென்று ஓடியது. பாக்கியம் அடுப்படியிலிருந்து பாய்ந்து வந்து சுவிட்சை அணைத்தாள்.

"வெறும் கல்ல சுத்த விடுறியேடா பாவி! வீடு ரெண்டா போகும்டா" என்றாள்.

"அம்மா, இது மெஷினும்மா. சும்மா ஓட்டித்தான் மொதல்ல பாக்கணும்."

"எதுவா இருந்தா என்ன, கல்லு கல்லுதான்" என்று சொல்லி, ஒரு சுண்டு பச்சரிசியை மில்லின் வாயில் கொட்டி, கற்பூரம் காட்டிவிட்டுத்தான் மறுபடி போட விட்டாள்.

வெறுமையாக எதுவும் இருப்பது பாக்கியத்துக்கு ஆகாது. வெறும் தொட்டிலை ஆட்ட விடமாட்டாள். வெறும் உரலில் உலக்கை விழ விடமாட்டாள். அரிசிப் பானையின் அடியில் எப்போதும் ஒரு பிடி கிடக்கும். ஆணியில் வெறும் பை தொங்கினால்கூட அதற்குள் ஒரு மஞ்சள் துண்டைப் போட்டு வைப்பாள். மில்லுக்கும் அதே சட்டம் வந்தது. கொட்டினால் நேரே கல்லுக்குள் இறங்குகிற சின்ன மில் அது. கல்லுக்கு மேலே வாய் நிறைய அரிசி இருந்தால்தான் சுவிட்ச். அரைத்து முடிகிற நேரத்தில் கடைசிப் பிடி உள்ளே இருக்கும்போதே நிறுத்திவிடுவாள். வயிறு நிறைந்திருந்தால் வீடு நிறைந்திருக்கும் என்பது அவள் கணக்கு. தினேஸ் இரண்டொரு தரம் சொல்லிப் பார்த்தான். பிறகு, அம்மாவோடு சண்டை போடவா வேலையை விட்டு வந்தோம் என்று விட்டுவிட்டான்.

மில்லும் ஓடத்தான் செய்தது. பத்துத் தரத்தில் மூன்று தரம் சுவிட்ச் விழுந்தாலும், மற்றத் தரம் எழும்பி, லயத்துக்கே பச்சரிசி வாசம் அடிக்க அரைத்துக் கொடுத்தது. பக்கத்து டிவிஷனிலிருந்தெல்லாம் மிளகாயும் மல்லியும் வந்தன. தும்மிக்கொண்டே சிரிக்கிற பிள்ளையைப் பார்க்கப் பாக்கியத்துக்கு ஆசையாக இருந்தது. அவன் முதுகில் சதை பிடித்திருந்தது.

ஐப்பசி மழை தொடங்கியதும்தான் எல்லாம் கெட்டது. ஒரு நாள் பகலில், அரைத்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. தினேஸ் டவுனுக்குப் போயிருந்தான். பாக்கியம் சுவிட்சை அணைக்கவில்லை. கரண்ட் வந்தால் மில் தானாக ஓடும், சத்தம் கேட்டு வந்துவிடலாம் என்று நினைத்து, விறகு பொறுக்க மேலே போய்விட்டாள். லயத்தில் எல்லோரும் அப்படித்தான். கரண்ட் போனால் யாரும் எதையும் அணைப்பதில்லை. பல்பு எரிந்தால்தானே வந்தது தெரியும்? கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்திருக்கிறது. பிரிட்ஜ், கேத்தல், டீவி எல்லாம் ஒன்றாகக் கண்விழிக்க, வாய் நிறைய அரிசியோடு மில்லும் எழும்பப் பார்த்திருக்கிறது. சுவிட்ச் விழுந்துவிட்டது. லயத்தில் இருந்த ஒன்றிரண்டு பேரும் கரண்ட் இன்னும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டார்கள்.

சாயங்காலம் பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த விஜயலெட்சுமி பிரிட்ஜைத் திறந்தாள். மறுநாள் ஸ்கூல் விளையாட்டுப் போட்டி. அங்கே விற்பதற்காக அவள் போட்டு வைத்திருந்த ஐஸ் பாக்கெட்டெல்லாம் சிவப்புத் தண்ணீராகக் கிடந்தன. அவள் கத்திய கத்தலில் கோயில் மணியே ஆடியதாகச் சொல்லிக்கொண்டார்கள். கடைசி வீட்டு வாசல் வரைக்கும் வந்தாள்.

"ஒங்க மில்லு ஓடுறதுக்கு எங்க பொழப்பு கரையணுமாக்கா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு பேச்சில்லை. சுவிட்ச் விழுந்தால் தூக்கிவிடவும் வரவில்லை.

தோட்டத்துச் சங்கத் தலைவர் வந்து திண்டாடினார். இரண்டு பக்கமும் வேண்டியவர்கள். கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டே, தீபாவளிக்கு முன்னால் இன்னொரு தரம் சுவிட்ச் விழுந்தால் மில்லை நிறுத்தத்தான் வேண்டும், லயத்தில் எல்லோரும் அப்படிச் சொல்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, கொடுத்த பிளேன்டீயைக்கூடக் குடிக்காமல் போனார். மாவுக்கு ஆட்கள் வரிசை கட்டுகிற வாரம் அது. முறுக்குக்கும் அதிரசத்துக்கும் அரிசியை ஊறவைத்துக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் மில் வாயைக் கட்டிக்கொண்டு நின்றது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரொட்டியும் கட்டச் சம்பலும். தினேஸ் ஒரு ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

"கடையில இருந்து கோல் வந்துச்சும்மா" என்றான். "தீவாளி ஏவாரத்துக்கு ஆள் பத்தலையாம்."

பாக்கியம் இன்னொரு ரொட்டியை அவன் தட்டில் வைத்தாள்.

"மில்லு ஓடாட்டி நான் இங்க இருந்து என்னம்மா செய்யுறது? சித்தி மூஞ்சியப் பாக்க முடியல. ஒரு வாரம் பாப்போம். இல்லாட்டி போறேன்."

மறுநாள் கொடியில் கிடந்த அவன் சட்டைகளைக் காணவில்லை. ஆணியில் தொங்கிய பை புடைத்திருந்தது. பாக்கியம் அதைத் தொடவில்லை. மகன் கிளம்புகிற பையைத் தாய் தொட்டால் கால் தங்காது என்பது அவள் வைத்திருந்த இன்னொரு சட்டம். பையைப் பார்க்காமல் இருக்க அடுப்படியிலேயே வளைய வந்தாள். வீரய்யாவிடம் சொல்லிப் பார்த்தாள். அவள் புருஷன் வீரய்யா தோட்டத்தில் ராக்காவல். பகலில் தூங்குகிற மனிதர். கண்ணைத் திறக்காமலே, "அந்த நானாவ வரச் சொல்லு. குடுத்தவரு வந்து பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தார். உறக்கத்தில் சொன்னாலும் உருப்படியான யோசனைதான்.

அஸீஸ் நானா இரண்டாம் நாளே வந்தார். மடுல்சீமைப் பக்கம் யாருக்கோ பம்ப் இறக்கிவிட்டு வருகிற வழியில் லொறியை மேல் ரோட்டில் நிறுத்திவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, குடையோடு வழுக்கி வழுக்கி இறங்கி வந்தார். நரைத்த தாடி, பருத்த உடம்பு. கொட்டகை வாசலில் மூச்சு வாங்க நின்றவருக்குப் பாக்கியம் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். லயத்தில் பாதிப் பேர் கூடிவிட்டார்கள், தலைவரும் வந்துவிட்டார். விஜயலெட்சுமியும் வந்தாள். கொட்டகைக்குள் வரவில்லை. விளக்குமாற்றுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு வெளியே கூரைத் தண்ணீர் விழுகிற இடத்துக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

அஸீஸ் நானா பெல்ட்டை அழுத்திப் பார்த்தார். மோட்டாரின் மேல் கையை வைத்தார். வயரை முகர்ந்துகூடப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

"சாமானுல ஒரு குறையும் இல்ல தங்கச்சி. எப்பவும் எப்பிடிப் போடுறீங்களோ அப்பிடியே ஒருக்காப் போட்டுக் காட்டுங்க" என்றார்.

பாக்கியம் தலைவரைப் பார்த்தாள். இது கணக்கில் சேராது என்று அவர் கையைக் காட்டினார். பாக்கியம் சுளகு நிறைய அரிசியை எடுத்து மில்லின் வாயில் கொட்டினாள். கற்பூரத்துக்காக நெருப்புப் பெட்டியைத் தேடும்போதே அஸீஸ் நானா ஸ்டூலை விட்டு எழும்பிவிட்டார்.

"பொறுங்க, பொறுங்க. அரிசியக் கொட்டிட்டா சுவிட்ச் போடுற?"

"ஆமாங்க நானா. வெறுமையா ஓட விடலாங்களா?"

"அதுதான் சங்கதி" என்று அவர் தாடியைத் தடவினார். "மோட்டார் எண்டா எழும்புற நேரத்துலதான் கரண்ட வாரி இழுக்கும். ஓடிட்டா கொஞ்சம் போதும். வெறும் மில்லு எண்டா கண் மூடித் தொறக்கிறதுக்குள்ள எழும்பிரும். சுவிட்சும் பொறுத்துக்கொள்ளும். நீங்க வாய் நெறைய அரிசியத் திணிச்சு எழும்பச் சொன்னா அது எழும்ப ஏலாமத் தவிக்கும். தவிக்கிற மட்டும் இழுத்துக்கிட்டே ஈக்கும். இந்த நீள வயரு அதத் தாங்குமா?"

பாக்கியத்துக்கு அது புரியாமல் இல்லை. இத்தனை வருஷம் மலையில் கொழுந்து எடுத்தவள். நிறைந்த சாக்கோடு குத்துக்காலிட்டு எழும்புகிற அந்த ஒரு நொடிதான் பாடு. பக்கத்தில் நிற்கிறவள் கை கொடுத்தால்தான் எழும்ப முடியும். எழும்பிவிட்டால் ஒரு மைல் நடக்கலாம். அதைத்தான் இவர் சொல்கிறார். மில்லை முதலில் எழும்ப விட்டு, பிறகு தலையில் ஏற்ற வேண்டும்.

"கரண்ட் போனாலும் சுவிட்ச ஓஃப் பண்ணிடுங்க" என்றார் அவர். "எங்கட கடையில லைட் வந்தா எல்லாத்தையும் ஒண்டொண்டாத்தான் போடுவோம். ஒண்டாப் போட்டா ஒண்டும் ஓடாது."

"சும்மா ஓட்டணும்னுதான் நான் மொத நாளே சொன்னேன்" என்றான் தினேஸ் மெதுவாக. கோபமில்லை. அலுப்புதான் இருந்தது. அரிசியைச் சுளகில் திரும்ப வழித்துப் போட்டு, கல்லையும் சுத்தம் பண்ணிவிட்டு, "போடவாம்மா?" என்று கேட்டான்.

பாக்கியம் சுவிட்சுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

மில் ஓடாவிட்டால் பிள்ளை போய்விடுவான். மில் வெறுமையாக ஓடினால் வீடு இரண்டாகும், அப்போதும் பிள்ளைதான் போவான். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் புடைத்த பைதான் கண் முன்னால் வந்து நின்றது. கண்ணில் நீர் முட்டியது. கூடியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அம்மா, என்னம்மா இது" என்றான் தினேஸ்.

"ஒனக்குத் தெரியாதுடா. நான் கல்யாணமாகி வந்த புதுசுல ஒரு நா வெளையாட்டுக்கு வெறும் ஆட்டுக்கல்ல சுத்துனேன். ஒங்க அப்பத்தா வேணாம் வேணாம்னு சொல்லிச்சு. நான் கேக்கல. அந்த மாசமே ஒங்க சித்தப்பா சித்தியக் கூட்டிக்கிட்டுத் தனியா போயிட்டாரு. ஒண்ணா சாப்புட்ட குடும்பம். என்னால போச்சு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அன்னைக்கு அவங்க போனாங்க. இன்னைக்கு நீ போவ."

மழை தகரத்தில் சடசடவென்று விழுந்துகொண்டிருந்தது. அதையும் மீறி உள் அறையிலிருந்து வீரய்யாவின் குறட்டை வந்தது. வெளியே நின்ற விஜயலெட்சுமி கட்டையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, குனிந்து உள்ளே வந்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அந்த வாசலுக்குள் அவள் கால் வைத்தாள்.

"யக்கா, நாங்க தனியா போனது நீங்க கல்லு சுத்துனதாலன்னா நெனச்சுக்கிட்டு இருக்கீங்க, இத்தனை வருசமா?"

பாக்கியம் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தா கேக்குது பாருங்க, அதுக்குக்கா" என்று விஜயலெட்சுமி உள் அறையைக் காட்டினாள். "ஒரே காம்பரா. நடுவுல ஒரு சீலைதான் மறைப்பு. பகல்ல தூங்கிப் பழகுன மனுசனுக்கு லீவு ராத்திரியிலயும் இதே சத்தம். ஒங்க கொழுந்தன் தூக்கமில்லாம தேயிலை வெட்டுற கவ்வாத்துக் கத்தியால கால வெட்டிக்கிட்டாரு. அண்ணன்கிட்ட எப்புடிச் சொல்றதுன்னு, எடம் பத்தலைன்னு சொல்லிட்டு வந்தோம். வேற ஒண்ணுமில்லக்கா."

முதலில் சிரித்தது தலைவர்தான். பிறகு அஸீஸ் நானா வயிறு குலுங்கச் சிரித்தார். தினேஸுக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் தும்மல் வந்தது. பாக்கியத்துக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இருபத்தைந்து வருஷமாக மனதுக்குள் தூக்கிச் சுமந்த சாக்கை யாரோ பின்னாலிருந்து கை கொடுத்து இறக்கிவிட்டது போல் இருந்தது. உள்ளே அந்த மனிதர் ஒன்றும் அறியாமல் குறட்டையை இழுத்துக்கொண்டே இருந்தார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேடி விஜி" என்றாள்.

"குறட்டைய போயி யாருக்கா சொல்லுவா? கௌரவக் கொறச்ச." விஜயலெட்சுமி வெளியே போய்க் கட்டையை எடுத்துக்கொண்டாள். "நீங்க போடுங்கக்கா. விழுந்தா நான் தூக்கிவிடுறேன்."

அவள் முதல் வீடு வரைக்கும் மழையில் நடந்து போய்ப் பெட்டிக்கடியில் நிற்கிற வரைக்கும் எல்லோரும் காத்திருந்தார்கள். பிறகு பாக்கியம் மில்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, உள்ளே ஒரு மணி அரிசிகூட இல்லாத அந்த மில்லின் சுவிட்சைப் போட்டாள். கொட்டகை பல்பு ஒரு தரம் கண்ணடித்தது. அவ்வளவுதான். முக்கல் இல்லை, முனகல் இல்லை. கல் கடகடவென்று சுற்றிப் பிடித்துக்கொண்டது. பாக்கியம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். பெட்டிப் பக்கமிருந்து 'டக்'கென்று ஒன்றும் கேட்கவில்லை. தினேஸ் சுளகைச் சாய்த்து அரிசியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டினான். மில்லின் குரல் கனத்தது, ஆனால் தளரவில்லை. வெள்ளை மாவு பைக்குள் இறங்கியது.

"இன்னும் விழலக்கா!" என்று விஜயலெட்சுமி முதல் வீட்டிலிருந்து கத்தினாள். ஐஸ் பாக்கெட்டுக்குக் கத்தினதைவிடப் பெரிய சத்தம்.

அஸீஸ் நானா பிளேன்டீயை ரசித்துக் குடித்தார். தலைவரும் இந்தத் தரம் குடித்தார். போகும்போது நானா ஒரு பொட்டலம் மாவை வாங்கிக்கொண்டு, வீட்டில் மனைவி ஷஹீலாவுக்கு இடியப்பத்துக்கு இந்த மாதிரி மாவுதான் பிடிக்கும் என்று சொல்லிவிட்டுப் படி ஏறினார். அவர் லொறியில் ஏறுவதற்குள் லயத்துப் பெண்கள் சுளகும் சட்டியுமாக வரிசையில் நின்றுவிட்டார்கள். முதல் ஆள் விஜயலெட்சுமி. அவளுடைய அரிசியைப் பாக்கியம் பஞ்சு மாதிரி அரைத்து, இரண்டு தரம் சலித்துக் கொடுத்தாள். ஒவ்வொரு தரமும் போடுவதற்கு முன்னால் தினேஸ் வாசலுக்கு வந்து, "மில்லு போடப் போறேன், கேத்தல கொஞ்சம் நிப்பாட்டுங்க" என்று குரல் கொடுத்தான். பத்து வீட்டிலிருந்தும் 'ம்' என்று பதில் வந்தது.

இருட்டுகிற நேரத்தில் கடைசி ஆளும் போனபின், மாவு படிந்த சேலையை உதறிக்கொண்டு பாக்கியம் உள்ளே வந்தாள். கொடியில் தினேஸின் சட்டைகள் வரிசையாகத் தொங்கின. எப்போது எடுத்துப் போட்டான் என்று தெரியவில்லை. ஆணியில் அந்தப் பை மட்டும் ஒட்டிச் சுருங்கித் தொங்கியது.

பழக்க தோஷத்தில் அவள் கை அடுப்படி மாடத்துக்குப் போய் ஒரு மஞ்சள் துண்டை எடுத்தது. பைக்கு அருகில் வந்து அதன் வாயையும் விரித்துவிட்டாள். உள்ளே ஒன்றுமில்லை. தினேஸ் வெளியே சித்தியோடு சேர்ந்து எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தான். பாக்கியம் கொஞ்ச நேரம் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு பையின் வாயை மூடி, மஞ்சளைத் திரும்பக் கொண்டுபோய் மாடத்திலேயே வைத்துவிட்டு, ராத்திரிக்கு ரொட்டி மாவு பிசையப் போனாள்.